லூமுட் கடலும் ஓர் ஆவணப்படமும்

பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் லூமுட்டில் படகேறுவதற்குச் சற்று முன்னர் சித்தியவான் என்ற பட்டணத்தைக் கடந்து வருவார்கள். இவ்வட்டாரம் முன்பு டிண்டிங்ஸ் என்ற பெயரில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1935-இல்தான் பேராக்குடன் மீண்டும் சேர்ந்தது. 1924-இல் சித்தியவானில் ஒரு சைக்கிள் கடைக்காரர் வீட்டில் பிறந்த பையன்தான், பின்னாளில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைச் செயலாளரான சின் பெங்.

அவருடைய வாழ்க்கையை வைத்து அமீர் முகமட் என்ற மலேசிய இயக்குநர் 2006-இல் 'லெலாக்கி கொமூனிஸ் தெராக்கிர்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கடைசிக் கம்யூனிஸ்டு என்பது அதன் பொருள். வேடிக்கை என்னவென்றால், கதைக்குரியவரின் முகம் படத்தில் வருவதே இல்லை. அவர் வாழ்ந்த ஊர்களுக்கு வரிசையாகப் போய், அங்கே தொழில் செய்து பிழைக்கும் சாதாரண மக்களிடம் பேச்சுக் கொடுக்கிறார் இயக்குநர். நடுநடுவே கேலி கலந்த பாட்டுகள். போராட்டம் நடந்த மண்ணில் பிற்பாடு என்ன பிழைப்பு நடக்கிறது என்பதே அவர் கேட்கும் கேள்வி என்று நமக்குப் படுகிறது.

அந்தக் கேள்வியை நம் தோட்டப்புறங்களிலும் கேட்க வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடெங்கும் அவசரகாலம் வந்தது. அதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தங்கள் செய்து வந்தனர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், தஞ்சைச் சீமையிலிருந்து வந்த எஸ். ஏ. கணபதி என்ற தமிழர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசின் வேண்டுகோளும் பயன்படவில்லை.

அந்தத் தோட்டங்களின் கதை பிறகு வேறாயிற்று. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்றதும், பால்வாளி சுமந்ததும், ஒட்டுப்பால் பொறுக்கியதும் பாட்டிமார் சொல்லும் கதைகளாயின. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயங்கள் காலியாகிப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். கூலி கேட்டுப் போராடியவர்களுக்குக் கடைசியில் அந்த வேலையே இல்லாமற் போயிற்று.

படத்தின் கதிக்கு வருவோம். தணிக்கை வாரியம் ஒரு காட்சியையும் வெட்டாமல் அனுமதித்தது. ஆனால் திரைக்கு வருமுன்னரே, 2006 மே மாதத்தில், உள்துறை அமைச்சு தடை விதித்துவிட்டது. பெர்லின் விழாவில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். சித்தியவான் மக்கள் தங்கள் ஊரைத் தங்கள் திரையரங்கில் பார்க்க முடியவில்லை.

சின் பெங்குக்கும் ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 1989-இல் சமாதான உடன்படிக்கை ஆன பின்னும், இங்கேதான் பிறந்தார் என்பதற்குப் பத்திரம் கேட்டார்கள். 2009-இல் வழக்கு முடிந்துபோனது. 2013-இல் பாங்காக்கில் இறந்தார். அவருடைய அஸ்தி 2019-இல் சத்தமில்லாமல் கொண்டுவரப்பட்டது. அதில் ஒரு பங்கைக் கரைத்தது லூமுட்டை அடுத்த கடலில்.