மைலேஜ், ரீசேல், சர்வீஸ், பாடி: டிக்கி வைத்த காரின் கதை

புனேயில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு விஷயங்களை ஆரம்பித்தால் மதிய சாப்பாட்டு நேரம் போதவே போதாது. ஒன்று கிரிக்கெட். இன்னொன்று, குடும்பத்துக்கு எந்தக் கார் வாங்கலாம் என்பது. மராட்டிக்காரர் ஒருவர் டாட்டாவை விட்டுக்கொடுக்கவே மாட்டார், பிம்ப்ரி தொழிற்சாலை அவருக்குக் குலதெய்வம் கோயில் மாதிரி. லூதியானா சர்தார்ஜிக்கு ஹோண்டா இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர் மோட்டார். மலையாளி சேட்டன் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவர். நடுவில் நான்.

இதில் கவனித்த ஒன்று. யார் பேசினாலும் நாலு வார்த்தைக்குள்தான் சுற்றி வருகிறார்கள். மைலேஜ், ரீசேல், சர்வீஸ், பாடி. இந்த நாலும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது, அடி வாங்கிய ஒரு தலைமுறையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன். ஆணி குறைவாக இருப்பவர்கள் முழுசாகப் படிக்கலாம் :-)

கிடைத்தாலே பெரிசு

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காருக்குப் பெயரே 'பிளசர்'. சந்தோஷத்துக்குப் போகும் வண்டி என்று அர்த்தம். அந்தச் சந்தோஷம் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு கதை.

சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1950களில் அரசு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் செய்ய மிஞ்சியவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஆமாம், நம்ம பெருங்களத்தூர் பக்கம்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கே செய்த வண்டி.

ஹிந்துஸ்தானின் அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் நகல். 1950களின் கடைசியில் வந்து 2014 வரை ஓடியது. இன்ஜின் மாறியது, முகப்புக் கம்பி மாறியது, உருவம் மட்டும் அதேதான். பிரீமியர் செய்தது ஃபியட் 1100. அதற்கு 1974-ல் சித்தூர் ராணியின் நினைவாகப் 'பத்மினி' என்று பெயர் வைத்தார்கள்.

1980 வாக்கில்கூட நாடு முழுக்க ஒரு வருடத்தில் செய்த கார்கள் 50 ஆயிரத்தைத் தொடவில்லை. அதனால் கார் 'வாங்குவது' என்பதே கிடையாது, 'புக் பண்ணிக் காத்திருப்பது' மட்டுமே. 1959-ல் கார் வினியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். வரிசைப்படிதான் வண்டி. வாங்கியதை உடனே கைமாற்றவும் தடை. ஏன் தடை? புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்த கையோடு, கொடுத்த விலைக்கு மேல் 'ஆன்' வைத்து விற்க முடிந்தது! பழைய கார் புதுக் காரைவிட விலை அதிகம் என்ற அதிசயம் அப்போது நடந்தது.

தரம்? கேட்க ஆளில்லை. விலை ஏறுகிறதே என்ற புகாருக்கு மட்டும் அரசு அசைந்தது. 1969-ல் காருக்குச் சட்டப்படி விலை நிர்ணயித்தார்கள். கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்து, 1971-ல் தீர்ப்பு வந்தது. விலைக்குக் கோர்ட் இருந்தது. கதவு சரியாக மூடாததற்கும் கதவோரம் மழைத்தண்ணீர் ஒழுகுவதற்கும் பக்கத்துத் தெரு மெக்கானிக்தான் கோர்ட்.

'பாடி' என்ற வார்த்தை இங்கேதான் பிறந்தது. அம்பாசிடரை ஒட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள், "அது வண்டி இல்லப்பா, டாங்க்." அதற்குப் பிறகு வருகிறேன்.

மைலேஜும் சர்வீஸும்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். முன்பதிவுக்கு 10 ஆயிரம் ரூபாய் முன்பணம். லட்சத்துக்கும் மேல் பேர் கட்டினார்கள். அந்தப் பணத்தில் அன்றைக்கு என்னவெல்லாம் வாங்கியிருக்கலாம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மாருதி கற்றுக்கொடுத்தது இரண்டு பாடம். ஒன்று, காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும், தள்ள வேண்டியதில்லை. இரண்டு, பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும். மைலேஜ் என்ற வார்த்தை நம் ரத்தத்தில் கலந்தது அப்போதுதான். ஊருக்கு ஊர் சர்வீஸ் ஸ்டேஷனும் வந்ததால், 'சர்வீஸ்' என்பதும் ஒரு தகுதியாகியது.

டிக்கி வைத்த காரில் அடுத்த படி, 1990-ல் வந்த மாருதி 1000. பார்க்க அழகு, உள்ளே 970 சிசி இன்ஜின். நாலு பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டியும் வைத்து, ஏசியும் போட்டு மேட்டில் ஏறினால் வண்டி சாமி கும்பிடும். 1994-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு எஸ்டீம் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது. அதற்கு முன்பே வந்த கான்டெஸாவும் இதே கதைதான். அத்தனை பெரிய உடம்புக்கு முதலில் கொடுத்தது 1.5 லிட்டர் பழைய இன்ஜின். நம்ம ஸ்டாண்டர்டு 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ரோவரின் நவீன உடம்புக்குள் பழங்கால இன்ஜினை வைத்து விற்கப் பார்த்தது. மூன்று நாலு வருடத்தில் கடையையே மூடியது. இறக்குமதி உடம்பு, உள்ளூர் இதயம் என்பது அந்தப் பத்தாண்டின் வியாதி.

ரீசேல் என்ற பயம்

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. கதவு திறந்ததும் வந்தவற்றில் பெரும்பாலானவை செடான்கள்தான். பெஜோ 309, டேவூ சீலோ, ஓபல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட். 1998-ல் ஹோண்டா சிட்டியும், திருவள்ளூரில் பூட்டிய மிட்சுபிஷி லான்சரும். 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஐகான், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆக்சென்ட். பத்து வருடத்துக்குள் சென்னை கார் ஊராக மாறியதன் ஆரம்பம் இது.

ஆனால் வந்தவர்கள் எல்லாம் தங்கவில்லை. பெஜோ 1997-லேயே நின்றது. கொரியாவில் டேவூ திவாலாக, இங்கே சீலோவும் மாட்டிஸும் அனாதைகளாயின. வாங்கியவர்கள் ஒரு ஹெட்லைட்டுக்காக ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடை ஏறினார்கள். பிறகும் இதே நடந்தது. 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பதை நிறுத்தியது. 2021-ல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

நான் கார் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து மாமனார் போன் போட்டார். முதல் கேள்வியே, "மாப்ள, வித்தா என்ன விலைக்குப் போகும்?"

"இன்னும் வாங்கவே இல்லீங்களே மாமா."

"அதுக்குத்தான் இப்பவே கேக்கறேன்."

தங்கமணி பக்கத்தில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி ஓடிப்போய், வாங்கியவன் தெருவில் நின்றதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. ரீசேல் என்று அவர்கள் கேட்பது லாபக் கணக்கு அல்ல. "இவன் பத்து வருஷம் கழிச்சும் இருப்பானா?" என்ற கேள்விக்கு அவர்கள் வைத்த பெயர்.

டிக்கியை வெட்டிய பட்ஜெட்

2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24%-லிருந்து 16%-ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அந்த ஒரு வரையறை இந்தியக் காரின் உருவத்தையே மாற்றிவிட்டது.

டாட்டா 2008-ல் இண்டிகோவின் பின்பக்கத்தைச் சுருக்கி 4 மீட்டருக்குள் அடக்கி 'சிஎஸ்' என்று விற்றது. அதே வருடம் 4 மீட்டரைத் தாண்டிய நீளத்தோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் 3,995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. அளவு வைத்தது நிதி அமைச்சகம், டிக்கியை வெட்டியது கம்பெனி. பிறகு அமேஸ், எக்ஸென்ட், ஜெஸ்ட் என்று வரிசையாக வந்தன. கேன்டீனில் "டிக்கியை ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு" என்று யாராவது கிண்டல் செய்தால், அவர் கிண்டல் செய்வது டிசைனரை அல்ல, வரிச் சட்டத்தை.

அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபோதும் அதே 4 மீட்டர்தான். உள்ளே இருந்தால் 18%, வெளியே போனால் 40%.

கடைசியாகப் பாடி

இப்போது அந்த 'டாங்க்' விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பானெட்டைத் தட்டிப் பார்த்து, "தகடு கனமா இருக்கு, நல்ல வண்டி" என்பது நம் பழக்கம். மோதலில் காப்பாற்றுவது வெளித் தகட்டின் கனமல்ல. முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூண்டு மட்டும் நசுங்கக் கூடாது. அம்பாசிடர் காலத்து வடிவமைப்பில் இந்த யோசனையே இல்லை. வண்டி உடையவில்லை என்றால் அந்த அடி எங்கே போயிருக்கும்? உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கு.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். போலோ அப்போது சாக்கனில், எங்கள் புனே பக்கம் செய்த வண்டி. வெளிநாட்டுப் பெயர் பலகை இருந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது.

அதன் பிறகு நகர்ந்தது வேகமாக. 2018-ல் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2019 முதல் ஏபிஎஸ் பிரேக்கும், ஓட்டுநர் ஏர்பேகும் கட்டாயம். அதே வருடம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2023 ஏப்ரலில் சாக்கனிலேயே செய்யும் ஸ்லாவியாவும் விர்டஸும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. அக்டோபரில் நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் தொடங்கியது. 2024 நவம்பரில் புது டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது கேன்டீனில் ஒரு நிமிடம் அமைதி. மாருதி என்றால் டப்பா என்று சத்தியம் செய்தவர்கள் தயிர்ச் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் :-)

ஆனால் ஐந்து நட்சத்திரமும் பெல்ட் போட்டால்தான். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த ஜெர்மன் காரின் பின் சீட்டில். பெல்ட் போடவில்லை. குடும்பக் காரில் பின் சீட்டில் உட்காருவது யார்? அம்மா, அப்பா, குழந்தைகள். பெல்ட்டைக் கவருக்கு அடியில் மறைத்துத் தைத்துவிட்டு, நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, எப்படி வாங்குவது?

வரலாறு சொல்லிக்கொடுத்ததை வைத்து என் சின்னப் பட்டியல்:

1. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது எந்த மாடல், எந்த வருடம், எத்தனை ஏர்பேக் வைத்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் உண்டு.

2. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். முழுக் குடும்பத்தையும் ஏற்றுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். செடான் தாழ்வு. ஊரில் ஸ்பீடு பிரேக்கர் உயரம்.

3. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண்ணிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். எட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் விலையைப் பேசுங்கள்.

4. பில்லை வரி வரியாகக் கேளுங்கள். இங்கே ஒரு ஷோரூமில் (பெயர் வேண்டாம்) 'கையாளும் கட்டணம்' என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். எதற்கு என்று எழுதித் தரச் சொன்னேன். அடுத்த பில்லில் அந்த வரியே இல்லை. இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

5. என்னைப் போல ஊர் விட்டு ஊர் மாறுகிறவர்களுக்கு: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி வைத்திருந்தால் அந்த ஊர் எண் வாங்க வேண்டும். என்ஓசி, புது வரி, பழைய மாநிலத்தில் மிச்ச வரியைத் திரும்பக் கேட்பது என்று பெரிய வேலை. நாலு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியில் வேலை என்றால், 2021-ல் வந்த 'பிஎச்' வரிசை எண்ணைக் கேளுங்கள். இரண்டிரண்டு வருடமாக வரி கட்டினால் போதும்.

எங்கள் அப்பாக்கள் காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, கொடுத்த கலரை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தார்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு இடமே இல்லை. இன்று ஷோரூமில் காபி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அந்தக் காபி ஆறுவதற்குள் சன்ரூஃப் இருக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தால், அறுபது வருடம் வரிசையில் நின்றது வீண். பின் சீட்டில் மூன்று பேருக்கும் மூன்று முனைப் பெல்ட் இருக்கா, குழந்தை சீட் மாட்டக் கொக்கி இருக்கா என்று கேளுங்கள். நாம் கேட்பதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

பி.கு: நான் எந்த வண்டி வாங்கினேன் என்று கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள். சொன்னால் நாளைக்குக் கேன்டீனில் எனக்குத் தனி மேசைதான்!