இரட்டிப்புக் கணக்கு

நெற்குப்பை என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். "குப்பையா? ஊருக்கா அந்தப் பேரு?" என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வார்கள். பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். நெற்குப்பை என்றால் நெற்குவியல். பயண எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர் என்று சொன்னால் படித்தவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பெயரில் பிடித்தது குவியல்தான். நெல்லைக் குவித்தால் அளக்க வேண்டும். அளந்தால் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த முறை இன்று கைபேசிகளில் ஓடும் ஒரு விளையாட்டுக்கு எத்தனை நெருக்கம் என்று யோசித்ததில்தான் இதை எழுத நேர்ந்தது.

விளையாட்டின் பெயர் 2048. நாலுக்கு நாலு, பதினாறு கட்டங்கள். விரலால் தள்ளினால் எல்லா எண்களும் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரே எண் இரண்டு மோதினால் ஒன்றாகி இரட்டிக்கும். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கும் நான்கும் எட்டு என்று ஏறி 2048ஐத் தொட்டால் வெற்றி. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புதிய எண் வந்து உட்காரும். கட்டங்கள் நிரம்பி, சேர்வதற்கு ஜோடியும் இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது.

இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இளைஞர் 2014 மார்ச்சில் ஒரு வார இறுதியில் இதை எழுதி, காசில்லாமல் இணையத்தில் வைத்தார். ஒரு வாரத்துக்குள் 40 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் 'த்ரீஸ்' என்ற விளையாட்டு வெளியாகியிருந்தது. ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் இருவரும் 14 மாதம் உழைத்துச் செய்தது. அதில் ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. பிறகு மூன்றும் மூன்றும் ஆறு, ஆறும் ஆறும் பன்னிரண்டு. தங்கள் யோசனையைப் பிறர் நகலெடுத்துக்கொண்டே போவதைப் பற்றி அவர்கள் நீண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் ஜோடி சேர்த்து ஏறுவது என்ற அடிப்படைக்கு வயது மிக அதிகம்.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அரிசி அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கேள்வி வரும். "ரெண்டு ஆழாக்கு சேந்தா என்னப்பா?" உழக்கு. "ரெண்டு உழக்கு?" உரி. "ரெண்டு உரி?" நாழி. அதற்கு மேல் இருநாழி, நானாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்கில் தொடங்கி எட்டு முறை இரட்டித்தால் தூணி. அதாவது 256 ஆழாக்கு. அங்கே அப்பத்தா நிறுத்தி ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஏனென்றால் அடுத்த படியில் விதி மாறுகிறது. மூன்று தூணி சேர்ந்தால்தான் ஒரு கலம். கலத்துக்கு 768 ஆழாக்கு. த்ரீஸ் விளையாட்டின் வரிசையிலும் 768 உண்டு என்பதைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

அடியில் இருப்பது நெல்மணி. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்பது பழைய வாய்ப்பாடு. அப்படியானால் ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்துக்கு 13,82,400. யாரும் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். எண்ணத் தேவையில்லாமல் செய்வதுதானே இந்த ஏணியின் வேலை.

பின்னங்களிலும் இதே ஏணிதான். 320இல் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா. ஒரு மா என்பது இருபதில் ஒரு பங்கு. இன்னோர் ஏணி மாகாணியில் தொடங்குகிறது. பதினாறில் ஒரு பங்கான அதை இரட்டித்தால் அரைக்கால், பிறகு கால், அரை, ஒன்று. இரண்டு ஏணிகளுக்கும் இடையில் பாலம் போடுவது மாகாணி என்ற பெயரேதான். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று. த்ரீஸில் ஒன்றும் இரண்டும் சேர்வதுபோல, வேறுவேறு அளவுள்ள இரண்டு சேர்ந்து புதிய வரிசையைத் திறந்துவிடுகின்றன.

இதைத் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாகக் கற்பித்தார்கள். மணலில் எழுதி, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல உரக்கச் சொல்லி, மனத்தில் ஏற்றிக்கொள்ளும் முறை. இதன் வரலாற்றைச் செந்தில் பாபு பல ஆண்டுகள் ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் நூலாக்கியிருக்கிறார். வெறும் மனப்பாடம் என்று அந்த முறையைத் தள்ளிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு சந்தையிலும் வயலிலும் உடனடியாக வேலை செய்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று இருந்தவரை மாகாணி ரூபாய் என்றால் ஓர் அணா. தலைக்குள் இருந்த ஏணியும் பையில் இருந்த காசும் ஒன்றாகவே இருந்தன. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. அந்த ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டோம்.

செட்டிநாட்டில் இந்தக் கணக்கு வேறொரு வேலையும் செய்தது. கணக்கில் கெட்டிக்காரப் பையன் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். பிறகு அடுத்தாள், அதன் பிறகு மேலாள். பக்கத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் இந்தோனேசியா போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அந்த உலகம் 'புயலிலே ஒரு தோணி'யில் அப்படியே இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்ந்தால் ஆறாம் ஆண்டு முடிவில் 197 ரூபாய் சொச்சம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஏணியில் ஒரு படி.

இந்தப் படியேற்றம் பெரிய அளவில் நடந்த இடம் பர்மா. கீழ்ப் பர்மாவில் காடு திருத்தி நெல் விளைவித்த விவசாயிகளுக்கு முதல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார். கடன் கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான் அவர்கள் தொழில். நிலம் வாங்கிப் பயிரிடுவது அல்ல. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்கு, சுமார் 25 லட்சம் ஏக்கர். பேரேட்டில் பார்த்தால் பெருஞ்செல்வம். ஆனால் விற்கவும் முடியாது, ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது. நிலத்தை இழந்த விவசாயிக்கோ எதிரி கண்ணெதிரே இருந்தார். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். பலர் நடந்தே இந்தியா திரும்பினார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்று நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

2048 ஆடியவர்களுக்கு இந்த நிலைமை தெரியும். ஆட்டத்தைத் தோற்கடிப்பது சின்ன எண்கள் மட்டும் இல்லை. 512, 256, 128 என்று ஒன்றோடொன்று சேராத பெரிய எண்கள் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கோட்பாட்டளவில்கூட அந்தப் பலகையில் 1,31,072க்கு மேல் போக முடியாது. பதினாறு கட்டங்களுக்கு அவ்வளவுதான் கொள்ளளவு.

எண்சுவடி இரட்டிப்பதைச் சொல்லிக்கொடுத்தது. நெல்லிலக்கமோ, எதை இரட்டிக்கிறோம் என்பதையும் விடாமல் சொன்னது. உழக்கு என்றால் அங்கே நெல் இருக்கிறது, நெல்லுக்குப் பின்னால் விளைவித்தவன் இருக்கிறான். வட்டிக் கணக்கில் அந்தப் பெயர்கள் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியது. எண்ணுக்குப் பஞ்சமும் தெரியாது, விலைச் சரிவும் தெரியாது. எங்கள் முன்னோர் கணக்கில் தவறவில்லை. பேரேட்டில் ஒரு காசு பிசகாது. பிசகியது பேரேட்டுக்கு வெளியே.

என் தங்கை மகள் 2048இல் கெட்டிக்காரி. அவளிடம் "ரெண்டு உழக்கு சேந்தா என்ன?" என்று கேட்டேன். "ஆயிரத்து இருபத்துநாலா மாமா?" என்றாள். சிரித்துவிட்டு, அடுப்படியில் இருந்து பித்தளை உழக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அளந்து பார்க்கட்டும்.