பரண்மேல் கிடந்த ஒத்தைக்குழலும், துப்பாக்கி ஆசாரி சொன்ன மூன்று கணக்கும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். "சார், நாட்றாம்பாளையம் பக்கத்துல எங்க தாத்தா வீட்டைப் பிரிக்கிறோம். பரண்மேல சாக்குல சுத்தி ஒரு துப்பாக்கி கெடக்குது. ஒத்தைக்குழல். லைசென்ஸ் காகிதம் எதுவும் கெடைக்கல. ஆத்துல வீசிடலாம்னு அப்பா சொல்றாரு. பயமா இருக்குது சார்" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன், இந்தத் துப்பாக்கி எப்படி அந்தப் பரணுக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். போனை வைத்ததும் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார்.

அந்தப் பக்கத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஆசாரி ஒருவர் இருந்தார். உரிமக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் துப்பாக்கியைத் தொடுவார். ஒருநாள், "எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "துப்பாக்கியப் பத்திக் கேக்காதீங்க வாத்தியாரே. குழலுக்கு எதிர்ல என்ன நிக்குதுன்னு கேளுங்க. மனுஷனா, அட்டையா, பறவையா? அதுதான் கணக்கு" என்றார். அப்போது அதை ஒரு கிராமத்துப் பேச்சாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பிறகு வரலாறு படிக்கப் படிக்கத்தான் அதன் ஆழம் புரிந்தது.

முதலில் மனிதன். கைத்துப்பாக்கி கொண்டுவந்தால் ஆசாரி முகம் சுளிப்பார். "இது காட்டுப்பன்னிக்குச் செஞ்சதில்ல, கவுதாரிக்கும் செஞ்சதில்ல" என்பார். குழல் குட்டை, தூரம் போகாது, மடியில் மறைத்துக்கொள்ளலாம். அதன் வேலை என்ன என்பதை அதன் உருவமே சொல்லிவிடும் என்பது அவர் கருத்து.

தமிழ்நாட்டு வரலாற்றில் கைத்துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது மணியாச்சி ரயில் நிலையம்தான். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அவருக்குச் சுடப் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்பார்கள். பயிற்சி நடந்த இடம் புதுச்சேரி. அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, ஆங்கிலேயச் சட்டம் அங்கே செல்லாது. ஆங்கிலேயரின் இந்தியாவிலோ லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைக்கக் கூடாது. ஆனால் வெள்ளைக்காரர்களுக்கும் சில சலுகைக்காரர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. குடகர்களுக்கும் விலக்கு இருந்தது. இன்றும் குடகில் அது தொடர்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் நம் ஊருக்கு முக்கியமான ஒரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கி கேட்டாலும், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும், மறுக்கத் தக்க காரணம் இல்லாதவரை உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது 13ஆவது பிரிவு. கைத்துப்பாக்கிக்கு அப்படிச் சொல்லவில்லை. அதைக் கேட்பவர் தனக்கு ஏன் தேவை என்று நியாயம் காட்ட வேண்டும். நம் ஆசாரி போட்ட கணக்கையே சட்டம் எழுதியவர்களும் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

ராகிக் கொல்லையில் ராத்திரிக் காவல் இருந்தவர்களுக்கு இது புரியும். பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் ஒரு வருஷச் சாப்பாட்டை அழித்துவிடும். யானை வந்தால் கேட்கவே வேண்டாம். வெடிச் சத்தம் ஒன்றுதான் ஏழையின் வேலி. என் மாணவரின் தாத்தா கையில் ஒத்தைக்குழல் இருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து பறவை. அந்த நாட்டுத் துப்பாக்கியின் காதில் 'கேப்பு' என்று ஒரு சின்னச் செம்பு மூடி வைப்பார்கள். சுத்தி அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். இதன் பூர்வீகம் தெரியுமா? அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் உரசி, வெளிக்கிண்ணத்து மருந்து முதலில் பளிச்சென்று எரியும். குண்டு புறப்பட ஒரு கணம் தாமதமாகும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தே வாத்துகள் பறந்துவிடும். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார், பறவை வேட்டைப் பிரியர், இதில் எரிச்சலாகி, அடித்தாலே வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் கேப்பு. ஒரு பாதிரியாருக்குத் தப்பிய வாத்துகள் உலகத்துப் படைகளின் துப்பாக்கியையே மாற்றிவிட்டன. அஞ்செட்டிக் காட்டோரத்து ஒத்தைக்குழலும் அந்த வம்சம்தான்.

பறவை வேட்டை பற்றி ஆசாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பறக்குறதச் சுட்டா வித்தை. உக்காந்திருக்குறதச் சுட்டா பசி. ரெண்டும் இல்லாமச் சுட்டா திமிரு." பசிக்குக் கவுதாரி சுட்டவனை அவர் பழிக்க மாட்டார். ஜீப்பில் வந்து சுட்டுத் தள்ளிவிட்டு, பாதியைப் பொறுக்காமல் போன பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசினால் அவர் குரல் மாறிவிடும்.

இந்தக் கோபம் தமிழருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டுத் தடுத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், பறவையியல் மேதை சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அவருடைய வாழ்க்கையே அங்கே திரும்பியது. சுடுவதை விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது, ஆராய்ச்சிக்காகச் சேகரித்தார். ஆனால் பறவையை உயிரோடு கவனிக்க இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சிறு விலங்கு, பறவைகளை உரிமம் பெற்று வேட்டையாட ஒரு வழி வைத்திருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. நம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். கென்னத் ஆண்டர்சன் இந்த ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கதைகளைப் படித்திருப்பீர்கள். துப்பாக்கிக் காயம் ஆறாமல், வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதனைத் தேடி வந்த மிருகங்கள் அவற்றில் உண்டு. அரைகுறையாகச் சுட்ட குண்டு காட்டோடு நிற்பதில்லை, ஊருக்குத் திரும்பி வரும்.

மூன்றாவது, அட்டை. அதாவது போட்டி. "யாரும் சாகாமச் சுடற எடம் அது ஒண்ணுதான் வாத்தியாரே. அங்கதான் என் தொழிலுக்கும் மரியாதை" என்பார் ஆசாரி.

ஆனால் போட்டியும் தொடக்கத்தில் ரத்தமில்லாமல் இருக்கவில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் 21 புறாக்களை வீழ்த்தி வென்றார். பின்னர் புறா போய் மண்தட்டு நிலைத்தது. இயந்திரம் வீசும் தட்டைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும். இதுதான் 'டிராப்' போட்டி. இன்றும் அந்தத் தட்டுக்கு 'களிமண் புறா' என்றே பெயர். பிகானிர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் இதில் வெள்ளி வென்றார். நம் புதுக்கோட்டை அரச குடும்பத்து வாரிசு பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே டிராப் போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டார். புறாவைக் கொன்ற அதே பாரிஸ் ஒலிம்பிக்கின் பெயரில், 124 வருஷம் கழித்து ஒரு தமிழர் தட்டு உடைத்தார்!

அரச குடும்பம்தான் சுட வேண்டும் என்றில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனார். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர்தான். பேனா முனை வைத்த புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் அருமை தெரிய மனு பாக்கரைப் பாருங்கள். 2021இல் டோக்கியோவில் போட்டி நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. 2024இல் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். மனிதனுக்கென்றே செய்தது என்று ஆசாரி முகம் சுளித்த கைத்துப்பாக்கிதான், எதிரே அட்டை நின்றதும் ஒரு பெண்பிள்ளை கழுத்தில் பதக்கமாக ஏறியது. குழலுக்கு எதிரே நிற்பது மாறினால் துப்பாக்கியின் குணமே மாறிவிடுகிறது.

சரி, மாணவருக்கு என்ன சொன்னேன்?

"ஆற்றில் வீசாதே. யாருக்கும் விற்காதே. தொட்டுப் பார்க்காதே, உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடி இருக்கலாம். அப்பாவையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, வி.ஏ.ஓ.விடம் சொல்லி, போலீசிடமோ வனத்துறையிடமோ முறைப்படி ஒப்படைத்துவிடு" என்றேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை சிறை. உரிமமின்றிச் செய்வதற்கும் ரிப்பேர் செய்வதற்கும் 7 வருஷத்திலிருந்து ஆயுள் வரை. ஓசூர் வனக்கோட்டத்தில் சில ஆண்டுகளாக வனத்துறையினர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, மக்களும் நிறையப் பேர் கொடுத்திருக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021 முதல் காற்றுத் துப்பாக்கிகளையே இப்படி ஒப்படைக்கிறார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாவைத் திருடன்னு சொல்லிடுவாங்களோன்னுதான் சார் அப்பா பயப்படறாரு" என்றார். எனக்கு மனசு கனத்துவிட்டது. உன் தாத்தா திருடர் இல்லையப்பா. ராகியைக் காத்தவர். காலம் மாறியது, சட்டம் மாறியது, துப்பாக்கி மட்டும் பரண்மேலேயே தங்கிவிட்டது. அதை இறக்கிக் கொடுப்பதால் அவர் பெயர் கெடாது. அதை வைத்துக்கொண்டு நாளை பேரனோ பேத்தியோ விளையாட்டாக எடுத்தால்தான் கெடும்.

நேற்று மறுபடி பேசினார். ஒப்படைத்துவிட்டார்களாம். அவர் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி விளையாட்டில் குறி தப்புவதே இல்லை என்றார். "அவளுக்கு ரைஃபிள் கிளப் எங்க இருக்குன்னு விசாரிங்க சார்" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசாரி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு துப்பாக்கி, ஒரு ஆசாரி, ஒரு காவல் குடிசைக் கதை இருந்தால் எழுதுங்கள். பரண்மேல் இன்னும் கிடந்தால், எழுதுவதற்கு முன் இறக்கிக் கொடுத்துவிடுங்கள்.