வேறு இதயம் பொருத்துமுன்...

திருப்புல்லாணிக்கு நீங்கள் போயிருக்கலாம். ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சிறிது தூரம்தான். ஆதிஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் ராமரையும் தரிசித்துவிட்டு, அப்படியே சேதுக்கரைக்குப் போய்க் கடலில் கால் நனைத்துத் திரும்புவது வழக்கம். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால், அன்று எனக்கு இன்னொரு சயன தரிசனமும் கிடைத்தது!

நண்பரின் உறவினர் வீடு. பின்பக்கம் தென்னங்கீற்றுக் கொட்டகை. உள்ளே, செங்கல் அடுக்குகளின் மேல் சக்கரம் இல்லாமல் படுத்திருந்தது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அறுபதுகளின் பிற்பகுதியில் மெட்ராஸில் பிறந்த, இரண்டு கதவு வண்டி.

''அப்பா டாக்டர். இதுலதான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போவார். வண்டி தெருமுனையில திரும்பறப்பவே சத்தத்தை வெச்சு 'டாக்டர் வந்துட்டாரு'னு சொல்லிருவாங்க. அவர் போனப்புறம் முப்பது வருஷமா இப்படியே கிடக்கு'' என்றார் வீட்டுக்காரர். பிறகு, குரலைத் தாழ்த்தித் தன் திட்டத்தைச் சொன்னார். ''இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு ஆம்னி வேன் இன்ஜினை வைக்கப் போறேன். அட்வான்ஸ்கூடக் கொடுத்தாச்சு. சிவப்பு பெயின்ட் அடிச்சு ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிடலாம்னு பார்க்கிறேன். என்ன சொல்றீங்க?''

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. பழங்கதை சொல்லத் தெரியும். அன்று அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

காருக்கு இன்ஜின் மாற்றுவது ஏதோ நம்ம ஊர் மரத்தடி மெக்கானிக் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய கம்பெனிகளே அதைச் செய்திருக்கின்றன. சில ஜெயித்தன, சில கவிழ்ந்தன. இரண்டுக்கும் உதாரணமாக ஒரே ஒரு இன்ஜினைக் காட்டலாம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, 'வேன்கார்ட்' என்ற குடும்பக் காருக்காக ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின் செய்தது. முரட்டு இரும்பு. சிலிண்டரின் உட்புறத்தில் தனி உறைகள். தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இதே குடும்பத்து இன்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் உட்கார்ந்தது (நம் வயல்களில் ஓடும் மாஸி ஃபெர்குசனின் தாத்தா அது). அதாவது, ஒரே இன்ஜின் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனது. திங்கட்கிழமை ஏர் உழுதது!

இந்த உழவனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பினால் என்ன என்று அதே கம்பெனிக்குத் தோன்றியது. எடுத்து அப்படியே பொருத்திவிடவில்லை. பந்தயத்தில் இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பிரிவில் ஓட வேண்டுமே... 85 மில்லிமீட்டர் உறையைக் கழற்றிவிட்டு 83 மில்லிமீட்டர் உறை போட்டார்கள். 2,088 சி.சி., 1,991 சி.சி. ஆனது. இரண்டு கார்புரேட்டர் வைத்தார்கள். அதைச் சுமக்க, எடை குறைந்த சின்ன உடம்பு. 1953-ல் பிறந்தது 'ட்ரையம்ஃப் டி.ஆர்.2' ஸ்போர்ட்ஸ் கார். 90 குதிரைசக்தி. அந்த வருஷமே பெல்ஜியத்தின் யப்பெக்கே நெடுஞ்சாலையில் நடந்த சோதனை ஓட்டத்தில், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. டிராக்டரின் தம்பி!

இப்போது 32 வருஷம் தாண்டி, மெட்ராஸுக்கு வாருங்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல் மெட்ராஸில் தொடங்கியது 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'. நம்ம திருப்புல்லாணி ஹெரால்டைப் பெற்ற தாய் வீடு அதுதான். பிற்பாடு வந்த கெஸல் காரும் அங்கே பிறந்ததே. எண்பதுகளில் கம்பெனிக்குப் பெரிய ஆசை வந்தது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் 'எஸ்.டி.1' என்றொரு கார். பார்த்தாலே பாயத் தயாராக நிற்பது போன்ற தோற்றம். 1977-க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருதை வாங்கியது. அதன் முக்கிய மாடலில் இருந்தது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். 155 குதிரைசக்தி. (வேடிக்கை என்னவென்றால், அந்த இன்ஜினே ரோவருக்குச் சொந்தமாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ப்யூக் கார் இன்ஜினின் உரிமையை அறுபதுகளில் வாங்கி, தங்கள் காருக்கேற்ப வளர்த்தெடுத்தார்கள்!)

அந்த உடம்பை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' வந்தது. ஜனங்கள் ஆசையாகப் பார்த்தார்கள். பானெட்டைத் திறந்தால்... உள்ளே யார் தெரிகிறதா? நம்ம பழைய வேன்கார்ட் பெரியவர்! அதே 1,991 சி.சி.

கையில் இருந்த இன்ஜின் அது. உள்ளூரிலேயே செய்யலாம், புதிதாகச் செலவில்லை. கணக்குப்படி சரிதான். ஆனால், சுமார் 83 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க வேண்டுமே? டி.ஆர்.2 என்ற சின்ன உடம்பைப் பறக்கவிட்டவர், இங்கே மூச்சு வாங்கினார். தோற்றம் வேகத்தைச் சொன்னது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம் வரவில்லை. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். வெளியே சின்ன மாருதி 800 சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. கம்பெனியும் எழுந்திருக்கவில்லை. மிச்சம் கிடந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை 2006-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. பிறந்த ஊருக்கே திரும்பிப் போன சீர்வரிசை!

இந்தத் தப்பை ஸ்டாண்டர்ட் மட்டும் செய்யவில்லை. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'கான்டெஸா' விட்டபோது, அந்த நீள அகல உடம்புக்குள் அம்பாஸடரின் 1,489 சி.சி. இன்ஜினைத்தான் வைத்தது. வண்டி நகர்ந்தது என்று சொல்லலாம். ஆனால், அவர்கள் விழித்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் ஜப்பானின் இஸுஸு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. கவனியுங்கள்... இன்ஜின் மட்டும் தனியாக வரவில்லை. ஐந்து கியர் கொண்ட புது கியர்பாக்ஸும் சேர்ந்து வந்தது. கான்டெஸாவுக்கு உயிர் வந்தது. 2002 வரை ஓடியது. தொண்ணூறுகளில் அம்பாஸடருக்கும் அதே இன்ஜின் கிடைத்தது.

ஆக, சரித்திரம் சொல்வது இதுதான். இன்ஜின் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. எந்த உடம்புக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் வரும். 'கையில இருக்கு, வெச்சுடலாம்' என்று ஆரம்பித்தால், அது ஸ்டாண்டர்ட் 2000-ல் போய் முடியும்.

சரி, நம்ம டாக்டர் வண்டிக்கு வருவோம். ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜின் தருவது 35-க்குக் கொஞ்சம் மேலான குதிரைசக்தி. ஆம்னியின் 796 சி.சி. தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! இதற்காக இன்ஜின் தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் மாற வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். ரேடியேட்டரும் வேறு. 'இன்னும் பெரிய இன்ஜின் வெச்சா?' என்பீர்கள். ஹெரால்டின் பின்பக்க அச்சு அமைப்பு, வேகமாக வளைவில் திரும்பினால் சக்கரத்தை உள்பக்கமாக மடக்கிவிடக்கூடியது. பிரேக்கும் அந்தக் காலத்துப் பிரேக். குதிரையைக் கூட்டினால் ஆபத்தும் கூடும்.

சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. அதைவிட முக்கியம், 2021-ல் வந்த விதி. 50 வயதைத் தாண்டிய கார்களை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவுசெய்து கொள்ளலாம். ஆனால், சேஸிஸ், உடம்பு, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது! நம்ம ஹெரால்ட் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆம்னி இன்ஜினை ஏற்றிய அன்றைக்கே அந்தத் தகுதி போய்விடும்.

''அப்ப ஸ்போர்ட்ஸ் கார் ஆசை அவ்வளவுதானா?'' என்றார் வீட்டுக்காரர், முகம் வாடி.

அவரிடம் கடைசியாக ஒரு செய்தி சொன்னேன். 1962-ல் 'ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்' என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அது ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்தது. இரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் 1,147 சி.சி. இன்ஜினும், ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினைப் பெரிதாக்கிச் செய்ததுதான். அதாவது, அவர் தூக்கிப் போட நினைத்தது, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினின் அண்ணனை!

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, கீழக்கரையிலிருந்து படகு இன்ஜின் பார்க்கும் வயதான பாய் ஒருவரை வரவழைத்தார். பாய் முதலில் இன்ஜின் பக்கமே போகவில்லை. தரையில் படுத்து, சேஸிஸைச் சுத்தியால் அங்கங்கே தட்டித் தட்டிக் கேட்டார். ''உப்புக்காத்து தம்பி. இரும்பு போயிருந்தா எந்த இன்ஜினை வெச்சு என்ன பண்றது?'' இரண்டு இடத்தில் துரு. மற்றபடி தாங்கும்.

அப்புறம்தான் பானெட். ஹெரால்டின் முன்முகம் முழுக்க முன்னோக்கித் திறந்துகொள்ளும். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டார். ''பேட்டரி போட்டுச் சுத்திப் பார்த்துடலாமா பாய்?'' என்று இவர் அவசரப்பட்டார்.

''முப்பது வருஷம் தூங்குன ஆளை உலுக்கி எழுப்பக் கூடாது தம்பி. நாலு நாள் ஊறட்டும். பெட்ரோல் டேங்க், ஹோஸ், பிரேக் ரப்பர் எல்லாத்தையும் அதுக்குள்ள கழட்டிப் பாருங்க.''

ராமரே இந்த ஊரில், பாலம் கட்டுவதற்கு முன்னால், நாள்கணக்கில் புல்லில் படுத்துக் காத்திருந்தார் என்பது நம்பிக்கை. நாலு நாள் என்ன பெரிசு?

ஐந்தாம் நாள் போன் வந்தது. ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பினார்களாம். முதலில் அசையவில்லை. பிறகு கால் சுற்று. பிறகு முழுச் சுற்று. இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை; கார்புரேட்டர் வேலை, வயரிங் வேலை எல்லாம் பாக்கி.

''ஆம்னி இன்ஜின் என்ன ஆச்சு?'' என்று கேட்டேன்.

''வேண்டாம்னு சொல்லிட்டேன். அட்வான்ஸ்ல பாதிதான் திரும்ப வந்துச்சு. போகட்டும் சார்... அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேக்கணும்.''