வாடி, தேனகம், விடுதி: கரடியனாற்றில் தங்கிப்போனவர்கள்

ஜெய்சல்மேர் மணல்மேட்டில் கூடாரம் போட்டு, கூட்டமாக வருகிறவர்களைத் தங்கவைக்கும் விடுதிகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இரவில் நெருப்பு, பாட்டு, கூட்டுச் சாப்பாடு. கரடியனாற்றில் மணல் பாலைவனம் கிடையாது. ஆனால் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பற்றைக்காடு காய்ந்து, வரம்பு வெடித்துக் கிடக்கும். பழைய திணைக் கணக்கில் காய்ந்த முல்லையும் பாலைதான். இந்தப் பாலையில் முன்பு யார் கூடித் தங்கினார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

முதலில் வாடி. எழுவான்கரைப் போடியார்களுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. விதைப்பு முதல் வெட்டு வரைக்கும் முல்லைக்காரனும் கூலியாட்களும் வட்டைக்குள் கம்பும் ஓலையும் கொண்டு கட்டிய வாடியில்தான் கிடந்தார்கள். யானைக்குக் காவல், ஒரே உலையில் சோறு, இரவெல்லாம் பாட்டு. களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, 'பொலி' என்றுதான் சொல்லவேணும். காசு கொடுத்துத் தங்கும் இடமல்ல அது, உழைப்பவர்கள் தங்கும் இடம்.

பிறகு தேனகம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபின், செங்கலடி கறுத்தப்பாலம் தாண்டி, பதுளை வீதி வழியே வெளியாட்கள் கரடியனாற்றுக்கு வந்தார்கள். புலிகளின் 'தேனகம்' மாநாட்டு மண்டபத்தில் கூட்டங்களும் செய்தியாளர் சந்திப்புகளும் நடந்தன. 2004 மார்ச்சில் இயக்கம் பிளந்தபோது உலகச் செய்திகளில் இந்தச் சின்ன ஊரின் பெயரும் அடிபட்டது. மூன்று வருடத்தில் எல்லாம் தலைகீழ். 2007இல் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் இடம்பெயர்ந்தது. ஜூலை 11இல் குடும்பிமலை இராணுவத்தின் கைக்குப் போனது.

அடுத்து வந்தது அபிவிருத்தி. வீதி வேலைக்கென்று கொண்டுவந்த வெடிமருந்து, கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்தது. 2010 செப்டம்பர் 17இல் அது வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். போர் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதே காலத்தில்தான் வடக்கே பாசிக்குடாக் கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கின.

இப்போது சுற்றுலாவின் கண் குடும்பிமலைப் பக்கமும் திரும்பியிருக்கு. அந்த மலைக்கு மூன்று பெயர்: நமக்குக் குடும்பி, சிங்களத்தில் தொப்பிகல, வெள்ளைக்காரருக்குப் பரன்ஸ் கப். வருகிறவர்களுக்கு வழிகாட்டி எந்தப் பெயரைச் சொல்லுவார்?

விடுதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேணும். ஆனால் ஓலைக்கூரை போட்டு 'வாடி' என்று பெயர் வைத்து அறை வாடகைக்கு விடுவதற்கு முன்னம், வாடியில் படுத்தெழும்பியவர்களின் கதை எழுதப்படவேணும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்தப் பெரும்போகம் முடிவதற்குள் ஒலிப்பதிவைத் தொடங்குவோம். உங்கட வீட்டில் அம்மப்பா, அப்பப்பா வாடியில் இருந்தவர் என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள்.