தந்தி, தார், பின்தாரி

புனே அருகே பிம்ப்ரியில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபதைக் கடந்த மராட்டியர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஆஜோபா, அதாவது தாத்தா. பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸை ஏற்றிவிட்டு, வைஃபை கார்டு பிடிபடாமல் நான் தவித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் எட்டிப் பார்த்து, "பின்தாரி சாலத் நாஹீ கா?" என்றார். கம்பியில்லாதது ஓடவில்லையா என்று கேட்கிறார். மகாராஷ்டிரப் போலீசின் வயர்லெஸ் பிரிவுக்கு 'பின்தாரி சந்தேஷ்' என்று பெயர். அவருடைய பேரப்பிள்ளைகள் வைஃபை என்றுதான் சொல்வார்கள். அவர் வாயில் பழைய சொல் வந்தது. கார்டை அப்படியே வைத்துவிட்டு அந்தச் சொல்லின் பின்னால் போனேன்.

'தார்' பாரசீகத்திலிருந்து வந்தது. நரம்பு, இழை என்று பொருள். சிதார் என்ற பெயருக்குள்ளும் அதுவே இருக்கிறது; சேஹ்-தார் என்றால் மூன்று நரம்பு. மின்கம்பி வழியே செய்தி போகத் தொடங்கியதும் மராட்டியும் இந்தியும் அந்தக் கம்பிக்கும், அதில் வந்த செய்திக்கும் 'தார்' என்றே பெயரிட்டன.

தமிழும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. தந்தி, வடமொழித் 'தந்த்ரி'. வீணையிலும் யாழிலும் கட்டிய நரம்பு. (அகராதியில் யானைக்கும் தந்தி என்று பெயர் உண்டு. அது தந்தத்திலிருந்து பிறந்த வேறு சொல்.) அந்த இசை நரம்பு முதலில் மின்கம்பியானது, அடுத்து அதில் ஓடிய செய்தியானது, பிறகு வாசலில் சைக்கிள் மணியோடு வந்து நின்ற தாளானது. 1942-இல் மதுரையில் தொடங்கிய நாளிதழின் பெயரிலும் ஏறியது. குளிரில் பற்கள் தந்தியடிக்கின்றன என்கிறோமே, அங்கே நரம்பும் இல்லை, செய்தியும் இல்லை. தபால் ஆபீஸ் மேசையில் கட்டை தட்டிய ஓசை மட்டும் இருக்கிறது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுபோனது. பற்கள் இன்னும் அடிக்கின்றன.

மார்கோனியின் கருவி வந்தபோது தமிழ் ஒரு விசித்திரமான பெயரைச் சூட்டியது: கம்பியில்லாத் தந்தி. தந்தி என்றாலே கம்பி. எனவே இது கம்பியில்லாத கம்பி! இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. தந்தி என்ற சொல் தன் நரம்பை அதற்குள் எவ்வளவு முழுமையாக மறந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. 'பின்தாரி'யில் அந்தச் சிக்கல் எழவில்லை. மராட்டி, தாரின் முன்னால் 'இல்லாமல்' என்பதை ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டது.

அந்தச் சொல்லுக்கு உரிய பொருளும் பிம்ப்ரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிம்ப்ரியில் லோக்கல் ரயில் ஏறினால் காசர்வாடி, தாபோடி, அடுத்தது கட்கி. வெள்ளையர் வாயில் கிர்க்கி. 1927-இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சிற்றலைக் கற்றை வழியே தொடர்பு திறந்தபோது செய்தியை அனுப்பும் நிலையம் கிர்க்கியிலும் பெறும் நிலையம் தவுண்டிலும் அமைந்தன. கடலடிக் கேபிளின் துணை இல்லாமலே புனே லண்டனோடு பேசியது. அந்தத் தொடர்புப் பணி 1947-இல் அரசின் கைக்கு வந்தது, 1986-இல் வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் ஆனது. இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் இருக்கும் திகியில் அந்நிறுவனத்துக்குப் பரந்த நிலம் இருந்தது.

வயர்லெஸ் எனப்பட்ட வீட்டுப் பெட்டி ரேடியோவாகி, தமிழில் வானொலியும் ஆனபின் 'வயர்லெஸ்' போலீஸ் ஜீப்போடு ஒடுங்கியது. அதைக் கணினி மறுபடி எழுப்பியது. கணினிகளைக் கம்பியின்றி இணைக்க 1997-இல் வந்த தரத்துக்கு 802.11 என்று எண்தான் பெயர். விற்பனைக்கு எண் உதவாது என்று 1999-இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனத்தை அமர்த்தினார்கள். 'ஹை-ஃபை'யின் ஓசையை ஒட்டி அது தந்ததுதான் வைஃபை. எதன் சுருக்கமும் அல்ல. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்ற விளக்கம் பிறகு விளம்பரத்துக்காக ஒட்டப்பட்டது. தமிழில் அருகலை என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. இல்லாத கம்பியைச் சொல்லிக்கொண்டிராமல், அருகில் இருக்கிற அலையைச் சொல்கிறது.

இனி கார்டு. லினக்ஸில் அதற்குப் பிறக்கும்போது பெயர் இல்லை, எண்தான் உண்டு. 'எல்எஸ்பிசிஐ -என்' கட்டளை கொடுத்தால் செருகியிருக்கும் ஒவ்வொரு சாதனமும் தன்னைச் செய்தவரின் எண்ணோடு வரும். இன்டெலுக்கு 8086, 1978-இல் வந்த அதன் புகழ்பெற்ற சில்லின் எண்ணே குலப்பெயராகிவிட்டது. எண்ணைப் பார்த்துப் பொருத்தமான டிரைவரை லினக்ஸின் கருவான கெர்னல் தேடுகிறது. டாடா மோட்டார்ஸ் வளர்ந்த இந்த ஊரில் டிரைவர் என்றால் லாரியில் உட்காருகிறவர். ஆங்கிலத்துக்கு இருவருக்கும் ஒரே சொல். தமிழ் ஆளை ஓட்டுநர் என்றும் நிரலை இயக்கி என்றும் பிரித்து வைத்தது. இயக்கி அமர்ந்தபிறகே கார்டுக்குப் பெயர் கிடைக்கும். முன்பு 'டபிள்யூலான்0' என்று வந்த வரிசையில் கொடுத்தார்கள். இரண்டு கார்டுகள் இருந்தால் ஒருநாள் இது 0, மறுநாள் அது 0. 2013-இலிருந்து இருக்கும் இடமே பெயர்: 'டபிள்யூஎல்பி3எஸ்0' என்றால் மூன்றாம் தடத்தில் பூச்சியத் துளையில் அமர்ந்த கம்பியில்லாக் கார்டு. ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் அப்படிச் செய்யாது. அங்கே இயக்கியின் பெயரே கார்டின் பெயர்: 'ஐடபிள்யூஎம்0', 'ஏடிஎச்என்0'.

என் கார்டுக்கு இயக்கி இருந்தது. அது கார்டுக்குள் ஏற்றவேண்டிய நிலைபொருள், அதாவது ஃபர்ம்வேர், இல்லை. மூலநிரல் திறக்கப்படாத அத்தகைய கோப்புகளை டெபியன் தன் நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்தபின், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. என்னிடம் இருந்தது அதற்கு முந்தையது. கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்தக் கார்டே வேண்டும். மோடத்திலிருந்து கூடத்தைத் தாண்டி ஒரு நீளக் கேபிளை இழுத்துவந்து செருகினேன்.

ஆஜோபா அதைத் தாண்டி நடக்கும்போது குனிந்து கையிலெடுத்து, "தார்?" என்றார். ஆமாம் என்றேன்.