ஷில்லிங் காலத்துக் கோடு

போளூரில் பட்டுப்புடவை எடுத்தால் பில்லில் தொகைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் அதையடுத்து ஒரு படுகோடும் விழும். ரூ.6,500/-. தொகையைவிட அந்த இரண்டையும்தான் கடைக்காரர் அக்கறையாகப் போடுவார். பேனாவை அழுத்தி, கடைசிக் கோட்டைக் கொஞ்சம் நீட்டி இழுத்து. "இது எதுக்குண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "பின்னாடி யாரும் ஒரு சைபரைச் சேத்துடக் கூடாதில்ல" என்றார். பாதிதான் சரி.

மீதிப் பாதி இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஷில்லிங்கையும் பென்ஸையும் பிரித்துக் காட்ட இந்தக் கோட்டைப் போட்டார்கள். 5/- என்றால் ஐந்து ஷில்லிங், பென்ஸ் ஏதுமில்லை. ஷில்லிங்கைக் குறித்த நீளமான 'எஸ்' எழுத்து எழுதி எழுதிச் சாய்ந்துபோனதுதான் இந்தக் கோடு என்பார்கள். 1971-இல் அவர்கள் ஷில்லிங்கையே கைவிட்டார்கள். நாம் அதற்கு முன்பே, 1957-இல், அணாவைக் கைவிட்டோம். கோட்டை மட்டும் விடவில்லை. ஷில்லிங்கைக் கண்ணால் பார்க்காத ஆரணிப் பட்டு வட்டாரம் இன்றைக்கும் தினம் ஷில்லிங் கணக்கில் பில் போடுகிறது.

அதே கோட்டைக் கணினிக்காரர்கள் வேறொரு வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, சாய்கோட்டை அழுத்தினால் கட்டளை என்று வைத்தார்கள். ஒரு கட்டத்துக்குள் எண் எழுதுவோம், பெயர் எழுதுவோம்; சாய்கோட்டில் யார் ஆரம்பிக்கப் போகிறார்கள்? அதனால் அப்படி ஆரம்பித்தால் அது தனக்கு இட்ட வேலை என்று எந்திரம் புரிந்துகொள்ளும். 1988-இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் எழுதிய ஐ.ஆர்.சி. அரட்டையிலும் இதே வழிதான். சும்மா எழுதினால் பேச்சு. முன்னால் கோடு போட்டு '/ஜாயின்' என்றால் உத்தரவு.

ஐ.ஆர்.சி.யிலிருந்து ஆபீசுக்குள் அது நுழைந்தது ஒரு தோல்வியால். ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்றொரு ஆன்லைன் விளையாட்டை நடத்தி, ஓடாமல் 2012 கடைசியில் இழுத்து மூடியது. ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐ.ஆர்.சி.யை ஒட்டி உருவாக்கி வைத்திருந்த சாட் கருவி மட்டும் மிஞ்சியது. அதைத்தான் 2014 பிப்ரவரியில் ஸ்லாக் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சாய்கோடும் கூடவே வந்தது. 2015 டிசம்பரில் வெளியார் செய்யும் சிறு கருவிகளுக்கென்று ஒரு கடைத்தெருவையும், அவற்றில் முதலீடு செய்ய 8 கோடி டாலர் நிதியையும் ஸ்லாக் அறிவித்தது. கோட்டுக்குப் பின்னால் என்ன சொல் வரலாம் என்பதை இனி நீங்களும் நானும் தீர்மானிக்கலாம், காசும் பார்க்கலாம் என்றானது. நம்மூர் ஜோஹோவின் கிளிக்கிலும் இதே கோடு உண்டு. டெலூஜ் என்ற அவர்களுடைய மொழியில் எழுதினால் அவர்கள் சர்வரிலேயே ஓடும். தனியாக சர்வர் வாடகை கட்ட வேண்டாம்.

நானும் ஸ்லாக்கில் ஒன்று செய்தேன். சென்னையில் நண்பரின் ஆபீசுக்கு. காலையில் லேட்டாக வருகிறவர் கோடு போட்டு ஒரு சொல் தட்டினால், அந்த சேனலில் அதுவரை ஓடிய பேச்சைச் சுருக்கி ஐந்து வரியில் சொல்ல வேண்டும். சுருக்குகிற வேலை ஏஐயுடையது. இரண்டு ராத்திரியில் எழுதி முடித்துவிட்டேன். முதல் நாளே பல்லிளித்தது. ஸ்லாக்கில் ஒரு விதி: கட்டளை போனால் மூன்று விநாடிக்குள் நம் சர்வர் 'வந்தது' என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் கேட்டவர் முகத்தில் பிழைச்செய்திதான் அடிக்கும். ஏஐயோ யோசித்து எழுத எட்டு, பத்து விநாடி எடுத்துக்கொள்கிறது.

விடை ஜவுளிக்கடையில் இருந்தது. புடவையின் நிறத்தைச் சொன்னதும் கடைப்பையன் உள்ளே ஓடுவதற்கு முன் "தோ வரேண்ணா" என்று குரல் கொடுப்பான் இல்லையா, அதேதான். முதல் விநாடியிலேயே 'பார்க்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். கட்டளையோடு ஸ்லாக் ஒரு திரும்பு முகவரி தரும். அது 30 நிமிடம் செல்லும், ஐந்து முறை வரை அதற்குப் பதில் அனுப்பலாம். புடவையை நிதானமாக எடுத்து வரலாம்.

இந்தக் கோட்டில் பெரிய பணம் பார்த்தவர்கள் என்றால் மிட்ஜர்னிக்காரர்கள். 2022 ஜூலையில் டேவிட் ஹோல்ஸின் சின்னக் குழு படம் வரையும் ஏஐயைப் பொதுமக்களுக்கு விட்டபோது, அதைத் தனித் தளமாக வைக்கவில்லை. டிஸ்கார்ட் சாட்டுக்குள் போய் '/இமேஜின்' என்று தட்டி, வேண்டியதை எழுத வேண்டியிருந்தது. அடிப்படைச் சந்தா மாதம் 10 டாலர். அப்போது கடைக்குக் கட்டடமே இல்லை, அடுத்தவர் வாசலில் ஒரு சாய்கோடு மட்டும். அதை வைத்தே சில வாரங்களில் லாபத்துக்கு வந்துவிட்டதாக ஹோல்ஸ் சொன்னார்.

தமிழில் பேசுகிற ஆபீசுக்கு என்னுடையதைப் போன்ற கருவியைச் செய்கிறவர் முன்பெல்லாம் கைக்காசை இழந்திருப்பார். ஏஐக்குக் கட்டணம் டோக்கன் கணக்கில். ரேஷன் கடை டோக்கன் அல்ல. சொல்லை அது நறுக்கிக்கொள்ளும் துண்டு. அப்போதெல்லாம் ஆங்கிலத்தை அளவாக நறுக்கும், தமிழைப் பொடிப்பொடியாக்கும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற ஏஐ வந்தபோது அதைச் செய்த ஓபன்ஏஐயே கணக்கைக் காட்டியது: ஒரே வாசகம், ஆங்கிலத்தில் 27 துண்டாக இருந்தது 24 ஆயிற்று, தமிழில் 116 துண்டு 35 ஆயிற்று. அதாவது அதுவரை ஒரே சேதிக்குத் தமிழன் நாலு மடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தான். யாரும் பில்லில் எழுதிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் பக்கத்துக் கூலி நெசவில் பாவும் ஊடையும் ஜரிகையும் மாஸ்டர் வீவர் தருவார், டிசைனும் அவர் சொல்வதுதான். ஆனாலும் பல வீடுகளில் தறியாவது சொந்தம். சாட்டுக்குள் கருவி செய்கிறவனுக்குத் தறியும் சொந்தமில்லை, அது நிற்கிற குழியும் சொந்தமில்லை. 2025 மே 29-இல் ஸ்லாக் விதியை மாற்றியது. தன் கடைத்தெருவில் அனுமதி பெறாமல் வெளியே விற்கப்படும் புதுக் கருவிகள், ஒரு சேனலின் பழைய பேச்சை நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கலாம். ஒருமுறைக்கு 15 செய்திதான் கிடைக்கும். முன்பு நிமிடத்துக்கு 50 முறை தாராளமாகக் கேட்கலாம். 600 செய்தி ஓடியிருந்தால் அதைப் படிக்கவே இனி 40 நிமிடம். திரும்பு முகவரி 30 நிமிடத்தில் செத்துவிடும். ஆபீஸ் தனக்கென்று செய்துகொண்ட கருவிக்கு இந்தக் கட்டு இல்லை என்பதால் நண்பரிடம் என்னுடையது பிழைத்தது. பத்து ஆபீசுக்கு விற்கலாம் என்று போட்டு வைத்திருந்த கணக்கை மடித்து வைத்தேன்.

வாட்ஸ்அப்பில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். ஊர்ப் புடவை வியாபாரமே அதில்தான் நடக்கிறது. அங்கேயும் 2025 அக்டோபரில், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா ஒரு விதி சொன்னது: 2026 ஜனவரி 15 முதல் வாட்ஸ்அப்பின் வணிகச் சேவை வழியாகப் பொதுவான ஏஐ பேச்சுக் கருவிகளை நடத்தக்கூடாது. 'இந்த டிசைனில் மெரூன் இருக்கா' என்று கேட்கிறவருக்குக் கடை சார்பில் பதில் சொல்லும் கருவிக்குத் தடையில்லை. ஆக, பிழைப்பு அந்தச் சின்ன இடைவெளியில்தான்.

வசூலும் நம் பாடுதான். ஸ்லாக் காசு வாங்கித் தராது. மாதாமாதம் கார்டில் தானாகப் பிடிக்கலாம் என்றால், 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி வாடிக்கையாளர் முன்கூட்டி ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். 2022-லிருந்து 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது, அந்த மட்டில் நிம்மதி. நான் அதற்கெல்லாம் போகவில்லை. மாதம் பிறந்ததும் நண்பரின் ஆபீசுக்கு ஒரு கணக்குத்தாளில் பில் அனுப்புவேன்.

முதல் பில்லை ஊர்ப் பழக்கத்தில் 1,500/- என்று போட்டு அனுப்பினேன். மறுநாள் அவர்களுடைய அக்கவுண்டன்ட் அம்மா போன் செய்தார். "சார், டோட்டல்ல உங்க அமவுண்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது. அந்தக் கோட்டை எடுத்துட்டு அனுப்புங்க. அது இருந்தா நம்பர்னே எடுத்துக்காது."